ஸ்பீக்கரில் தொடங்குங்கள்: வீட்டு ஸ்டீரியோவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது எப்படி

பாட்டு கேட்க வீட்டில் ஒரு நல்ல செட் வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். காதுக்கு வந்து சேரும் ஒலியில் பெரும்பங்கைத் தீர்மானிப்பவை இரண்டு: ஸ்பீக்கர், அது நிற்கும் அறை. ஆம்பிளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்), டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் டிஏசி, ஒயர் எல்லாம் அதற்கு அப்புறம். அதனால் ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கரை முதலில் வாங்கிவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போவதுதான் காசுக்கும் நல்லது, காதுக்கும் நல்லது. அதோடு ஒரு கட்டுப்பாடும் வேண்டும். இப்போது கேட்பதில் என்ன குறை என்று ஒரே வரியில் சொல்ல முடியாதவரை எதையும் மாற்றாதீர்கள். "குரல் மங்கலாக இருக்கிறது", "பேஸில் (அடித்தொனியில்) ஒரு நோட்டு மட்டும் திம்மென்று இடிக்கிறது", "அரை மணி நேரத்தில் காது களைத்துப்போகிறது" என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, சிலவற்றுக்குக் காசே தேவையில்லை.

பாட்டுக்காகத்தான் என்றால் 5.1 ஹோம் தியேட்டர் வேண்டாம். கையில் இருக்கும் பணத்தை இரண்டு பெட்டியில் போடுவதும் ஆறு பெட்டிக்குப் பங்கு வைப்பதும் ஒன்றாகாது. நாம் கேட்கும் பாட்டில் பெரும்பாலானவை இரண்டு சேனலுக்காகவே மிக்ஸ் செய்யப்பட்டவை, பழசு என்றால் மோனோ, அதாவது ஒரே சேனல். யூடியூபில் "5.1 ரீமாஸ்டர்" என்று ஏற்றியிருப்பவற்றில் பல, பேஸையும் எக்கோவையும் கூட்டிவிட்ட வேலைதான். படம் பார்க்கவும் இரண்டு நல்ல ஸ்பீக்கர் தாராளமாகப் போதும். வசனம் கூடுதல் தெளிவாகவே கேட்கும்.

பட்ஜெட்டை இப்படிப் பிரிக்கலாம். உதாரணத்துக்கு மொத்தம் 40,000 ரூபாய் என்றால் 25,000 வரை ஸ்பீக்கருக்கு, 12,000 வரை ஆம்பிளிஃபையருக்கு, மீதி ஒயருக்கும் ஸ்டாண்டுக்கும். பாட்டு வருவது இருக்கிற ஃபோனிலிருந்தே வரட்டும். 40,000 இல்லை, 15,000தான் இருக்கிறது என்றாலும் இதே விகிதம்தான், பழைய பொருளாகப் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் வாங்கும்போது

நம்முடைய ஹால் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு, மிஞ்சிப்போனால் பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி. அதற்கு ஐந்து அல்லது ஆறரை அங்குல ஊஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் சரியான அளவு. தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர் கம்பீரமாகத் தெரியும், ஆனால் சின்ன அறையில் அதன் பேஸ் சுவருக்குச் சுவர் மோதி அறையையே நிரப்பிவிடும், அதை அடக்கத் தெரியாமல் விற்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். வார்ஃபிடேல் டைமண்ட் வரிசை 1982 முதல் வந்துகொண்டிருக்கிறது, கொல்கத்தாவின் சோனோடைன் 1970 முதல் இருக்கிறது; இவை போக யமஹா, போல்க், எலாக், க்யூ அகூஸ்டிக்ஸ் என்று இந்த அளவில் நல்ல பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பெயரைவிடக் கேட்டுப் பார்ப்பது முக்கியம்.

கேட்கப் போகும்போது கடைக்காரர் போடும் டெமோ பாட்டை நம்பாதீர்கள். அது எந்த ஸ்பீக்கரிலும் நன்றாக இருக்கும்படி தேர்ந்தெடுத்ததுதான். உங்களுக்கு ஒவ்வொரு மூச்சும் தெரிந்த நாலைந்து பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு பெண் குரல், ஒரு ஆண் குரல், ஒரு கச்சேரிப் பதிவு கட்டாயம் இருக்கட்டும். மிருதங்கத்தைப்போல ஸ்பீக்கரைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. வலப்பக்க வலந்தலையில் விழும் விரல் கணீரென்று தனியாகத் தெரிய வேண்டும், இடப்பக்கத் தொப்பியின் கும்கி வளைந்து இறங்குவது கேட்க வேண்டும். மட்டமான பெட்டியில் தொப்பி வெறும் "பொம்" ஆகிவிடும், எந்த அடியும் அடுத்த அடியோடு ஒட்டிக்கொள்ளும். நாதஸ்வரம் போடுங்கள்: ட்வீட்டர் (மேல் ஸ்தாயி ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) சரியில்லை என்றால் மேல் ஸ்தாயியில் காதைக் கிழிக்கும். இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், கொஞ்சம் கூடுதல் சத்தமாக ஓடுவது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றும். விற்கிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

அட்டையில் போட்டிருக்கும் எண்களில் நமக்கு வேண்டியது இரண்டு. ஒன்று ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை: 6 அல்லது 8 என்றால் ஏறக்குறைய எந்த ஆம்பும் தாங்கும், 4 என்றால் ஆம்ப் 4 ஓமுக்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. 86 டெசிபல் ஸ்பீக்கர் கொடுக்கும் அதே சத்தத்தை 89 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்ஸில் கொடுத்துவிடும். 3 டெசிபலுக்கு இரண்டு மடங்கு மின்சக்தி என்பதுதான் கணக்கு. காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ். 50 வாட்ஸ் ஆம்பை விற்று 100 வாட்ஸ் வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல்தான். வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது ஆம்ப் ஒன்றிரண்டு வாட்ஸ்தான் தந்துகொண்டிருக்கும்.

பழைய ஸ்பீக்கர் வாங்கப் போனால் ஒரு பென்சில் பேட்டரியும் மல்டிமீட்டரும் சட்டைப்பையில் இருக்கட்டும். முதலில் முன் வலையைக் கழற்றி, ஊஃபரின் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். ரப்பர் என்றால் நல்லது, பல வருடம் வரும். ஃபோம் என்றால் நம் ஊர் ஈரக்காற்றில், முக்கியமாகக் கடற்கரை ஊர்களில், நாளாக நாளாகப் பிசுபிசுத்து உதிர ஆரம்பிக்கும். விரலால் லேசாகத் தொட்டாலே பொடியாக வந்தால் விளிம்பு மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அடுத்து ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 ஓம் காட்டும், ஜோடி இரண்டும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். அப்புறம் பேட்டரியின் பிளஸ் முனையைச் சிவப்புக்கும் மைனஸைக் கறுப்புக்கும் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். "டப்" என்ற சத்தத்தோடு கூம்பு வெளியே நகர வேண்டும். ஒரு பெட்டி வெளியே தள்ளி இன்னொன்று உள்ளே இழுத்தால் யாரோ உள்ளே திறந்து ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கூம்பை விரல்களால் நாலு பக்கமும் சமமாக மெல்ல அழுத்தும்போது உள்ளே சொரசொரவென்று உரசினால் உள்ளே இருக்கும் ஒயர்ச் சுருள் (காயில்) கருகியிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

வைக்கும் இடம்: காசில்லாத பெரிய அப்கிரேடு

ஸ்பீக்கரை லாஃப்ட் மேலே, ஷோகேஸ் தலையில், அல்லது ஒன்று டிவிக்குப் பக்கத்திலும் இன்னொன்று சமையலறை வாசலிலும் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அப்படி வைத்துவிட்டு ஆம்பை மாற்றுவதில் பொருளே இல்லை. மோனோ பெட்டி இரண்டு வைத்திருப்பதற்கும் ஸ்டீரியோவுக்கும் வித்தியாசம், கண்ணை மூடினால் பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், பெட்டியே இல்லாத இடத்தில் நின்று பாட வேண்டும் என்பதுதான். அந்த நடு இடம் கிடைக்க, ஸ்பீக்கர் இரண்டும் நீங்களும் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணம் ஆக வேண்டும். பெட்டிகளுக்கு நடுவில் ஆறடி என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்கு ஆறு, ஏழடி. இரண்டையும் கொஞ்சம் உட்பக்கம், உங்கள் தோளைப் பார்க்கும்படி திருப்புங்கள். பின்சுவரிலிருந்து ஒரு அடியாவது முன்னால் இருக்கட்டும், பின்னால் ஓட்டை உள்ள பெட்டி என்றால் இது இன்னும் முக்கியம். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் வீங்கும்.

உயரம்: ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டு ஸ்டாண்டுகள் சோபாவில் உட்காருகிறவருக்காகச் செய்தவை, அங்கே காது தரையிலிருந்து மூன்றடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து கேட்கிற வழக்கம் உங்களுக்கு இருந்தால் காது இரண்டரை அடியில்தான் இருக்கும், ஸ்டாண்டும் அதற்கேற்பக் குட்டையாக வேண்டும். கிரில் வெல்டிங் பட்டறையில் அளவு சொல்லிச் சதுரக் குழாயில் அடித்து வாங்கிக்கொள்ளலாம். குழாய்க்குள் நன்றாகக் காய்ந்த மணலை நிரப்பி மூடச் சொல்லுங்கள், குழாய் ஙொய்யென்று அதிராது, குழந்தைகள் இடித்தாலும் சட்டென்று சாயாது. பெட்டியைத் தரையில் நேராக வைக்கவே வேண்டாம். பேஸ் கெடுவது ஒருபுறம், தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற வீட்டில், மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை அடியில் நீரைக் குடித்து உப்பி, லேமினேட் பிரிந்துவிடும்.

வைத்தது சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. 1960களின் திரைப்பாடல் ஒன்றைப் போடுங்கள். அவை மோனோ, இரண்டு பக்கமும் ஒரே ஒலி. குரல் நட்ட நடுவில், ஒரு சாண் அகலத்துக்குள் நின்றால் எல்லாம் சரி. ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பெட்டி கிட்டே இருக்கிறது அல்லது அந்தப் பக்கம் மட்டும் சுவர் இருக்கிறது. குரல் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் தலையைச் சுற்றிப் பரவினால், பேஸும் காணாமல் போயிருந்தால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. கோடு போட்ட ஒயர் இரண்டு பக்கமும் சிவப்பில்தான் போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அறை. நம் வீடுகள் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். அறை நடுவில் நின்று கையைத் தட்டிப் பாருங்கள், "டிர்ர்" என்று ஒரு உலோகச் சத்தம் வால்போல நீண்டால் அதே வால் ஒவ்வொரு பாட்டின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காது களைக்கிறது, ட்வீட்டர் குத்துகிறது என்று ஸ்பீக்கரை விற்கப் போகிறவர்கள் முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் ஒரு தடித்த ஜமக்காளம் விரியுங்கள், முடிந்தால் இரண்டாக மடித்து. பக்கச் சுவரில் எங்கே மறைப்பது என்று கண்டுபிடிக்க, நீங்கள் உட்கார்ந்துகொண்டு வேறொருவரைச் சுவரோடு ஒட்டி ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் ஒலி பட்டுத் திரும்புகிறது. அந்த இடத்தில் கனமான திரைச்சீலையோ நிறையப் புத்தகம் அடுக்கிய அலமாரியோ வந்தால் குரல் சட்டென்று துலங்கும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வீண் வேலை.

இன்னொரு வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யக்கூடியது. 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப் டோன் ஒன்றை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு அறையைச் சுற்றி நடங்கள். ஷோகேஸ் கண்ணாடி, அதற்குள் இருக்கும் எவர்சில்வர் டம்ளர், பீரோவின் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, டியூப்லைட் பட்டி, மாட்டியிருக்கும் சாமிபடம் என்று ஒவ்வொன்றும் அதனதன் நோட்டு வரும்போது நடுங்கிக் காட்டிக்கொடுக்கும். ஃபெல்ட் துண்டோ பழைய சைக்கிள் டியூப் துண்டோ சொருகினால் அடங்கிவிடும். ஸ்பீக்கர் கிழிந்த சத்தம் வருகிறது என்று கொண்டுபோய்க் கொடுத்த பல பெட்டிகளில் பழுதே இருக்காது, பழுது ஷோகேஸில்.

இந்த நிலையிலேயே சில மாதம் கேளுங்கள். அவசரமே இல்லை.

ஆம்பிளிஃபையர்

பிஎம்பிஓ (ஒரு கணம் வந்துபோகும் உச்சம்) என்று போட்ட வாட்ஸ் எண்ணை நம்பாதீர்கள், தொடர்ந்து கொடுக்கும் சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண் எங்கே என்று தேடுங்கள். அதுவும் சந்தேகமாக இருந்தால் பின்பக்க லேபிளில் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று பாருங்கள். 60 வாட்ஸ் எடுக்கிற பெட்டி 500 வாட்ஸை ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுக்க வழியே இல்லை. மேலே சொன்ன கணக்குப்படி நம் அறைக்கு ஒரு சேனலுக்கு 30 முதல் 60 நிஜ வாட்ஸ் போதும். அதற்காகப் பத்து வாட்ஸ் பொம்மை ஆம்பில் பெரிய ஸ்பீக்கரைப் போட்டு வால்யூமை முழுக்கத் திருகாதீர்கள். சக்தி போதாமல் அலையின் தலை வெட்டுப்படும்போது எரிவது ட்வீட்டர்தான், பெரிய ஆம்பைவிடத் திணறுகிற சின்ன ஆம்ப் ஆபத்தானது.

வழி மூன்று. ஒன்று, இப்போது வரும் கைக்கடக்கமான கிளாஸ் டி ஆம்ப்கள். டிபிஏ3116, டிபிஏ3255 போன்ற சிப்பில் செய்தவை, அதிகம் சூடாகாது, மின்சாரம் கொஞ்சமாகத்தான் எடுக்கும், விலைக்குச் சுத்தமான ஒலி. உடன் வரும் அடாப்டர் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், உண்மையான வாட்ஸ் அதில்தான் ஒளிந்திருக்கிறது. இரண்டு, எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய கம்பெனி இன்டக்ரேட்டட் ஆம்ப்: யமஹா, டெனான், மராண்ட்ஸ், கேம்ப்ரிட்ஜ் ஆடியோ, என்ஏடி. பட்ஜெட் இருந்தால் இதுவே நிம்மதி, பிற்பாடு ஆழமான பேஸுக்கான சப்வூஃபர், ரெக்கார்டு பிளேயர் சேர்க்கவும் இடம் இருக்கும். வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்: சப்வூஃபருக்குச் சப் அவுட் அல்லது ப்ரீ அவுட் இருக்கிறதா, ரெக்கார்டு பிளேயருக்கு ஃபோனோ இன்புட் இருக்கிறதா, டிவிக்கு ஒளியில் போகும் ஆப்டிகல் இணைப்பு இருக்கிறதா. இன்றைக்குத் தேவைப்படாத ஒரு துளை மூன்று வருடம் கழித்து ஒரு பெட்டி வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, அசெம்பிள் செட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேபினட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். ஊருக்கு ஊர் இதைக் கையால் கட்டித் தருகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், நல்ல கை அமைந்தால் அதற்கு ஈடில்லை, பழுதானால் அவரே பார்த்துவிடுவார். 4440 ஐசி போர்டைத் தாண்டி வாருங்கள், அது ஒரு காலத்துக் கார் செட்டுக்கு ஏற்றது. 5200, 1943 டிரான்சிஸ்டர் போர்டு, டிடிஏ7293 ஐசி போர்டு இரண்டுமே வீட்டுக்கு நல்லவை, ஆனால் இவற்றில் போலி பாகங்கள் சந்தையில் நிறைய. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரில் செம்பு ஒயிண்டிங்கா அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்; ஆம்ப் பழுதாகி நேர்மின்சாரத்தை (டிசி) வெளியே தள்ளும் நாளில் அந்தச் சின்ன ரிலேதான் உங்கள் ஸ்பீக்கரைக் காப்பாற்றும்.

பழைய ஆம்ப் வாங்குகிறீர்கள் என்றால் மறுபடி மல்டிமீட்டர். ஸ்பீக்கர் மாட்டாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் நிம்மதி, வோல்ட் கணக்கில் காட்டினால் உங்கள் ஸ்பீக்கரை அதில் மாட்டவே கூடாது. வால்யூம் திருகும்போது கரகரவென்றால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஜப்பானிலிருந்து வந்த அழகான பழைய பெட்டிகள் 100 வோல்ட்டில் ஓடுபவை, அமெரிக்காவிலிருந்து வந்தவை 120. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் அன்றோடு முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒயரும் பாட்டு வரும் இடமும்

ஸ்பீக்கர் ஒயருக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. ஐந்து மீட்டருக்குள் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும், அதற்கு மேல் அல்லது 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5. பார்க்க வேண்டியது ஒன்றுதான், செம்பு நிஜச் செம்பா என்பது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம்.

ஃபோனிலிருந்து ப்ளூடூத்தில் கேட்டுப் பழகியவர்கள் அடுத்து ஒரு டிஏசி வாங்கலாமா என்று கேட்பார்கள். முதலில் ஃபோனில் சொருகும் ஒரு சாதாரண டைப்-சி டாங்கிளும் அதிலிருந்து ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ கேபிளும் போட்டுப் பாருங்கள், அதிலேயே நல்ல முன்னேற்றம் தெரியும். அப்புறம் வைஃபை ஸ்ட்ரீமர் ஒன்று சேர்த்தால் ஃபோனில் அழைப்பு வரும்போது பாட்டு நிற்காது, அந்த வசதிக்காகவே வாங்கலாம். டிவியை ஆப்டிகலில் இணைத்துச் சத்தமே வரவில்லை என்றால் டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்டை பிசிஎம் என்று மாற்றுங்கள், பத்தில் ஒன்பது தடவை அதுதான் காரணம். டிஏசிக்கு டிஏசி வித்தியாசம் மிகச் சிறியது. அதே பாட்டின் நல்ல பதிவுக்கும் கெட்ட பதிவுக்கும் உள்ள வித்தியாசம் மலையளவு. சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் 1982இல் வந்தது, இன்றைக்கும் வீட்டில் கேட்க அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. பழைய சிடிக்கள் கிடைத்தால் விடாதீர்கள். பிற்காலத்து மறுபதிப்புகளில் சத்தத்தைக் கூட்டுவதற்காக ஏற்ற இறக்கத்தை நசுக்கியிருப்பார்கள், பழைய சிடியில் அந்த மூச்சு அப்படியே இருக்கும்.

ஹம் என்ற தொல்லை

"ம்ம்ம்" என்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் நம் ஊரில் மிகச் சாதாரணம். ஆம்பிலிருந்து எல்லா இன்புட்டையும் பிடுங்குங்கள். அப்போதும் ஹம் இருந்தால் கோளாறு ஆம்பில் அல்லது மின்சாரத்தில். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக மறுபடி சொருகி எது கொண்டுவருகிறது என்று பிடியுங்கள். பெரும்பாலும் அது கேபிள் டிவி ஒயர் சொருகிய செட்டாப் பாக்ஸாக இருக்கும், அல்லது சார்ஜரில் ஓடும் லேப்டாப். எல்லாவற்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து எடுங்கள், டிவியை ஆப்டிகலில் இணையுங்கள். ஒளியில் போகும் இணைப்பில் ஹம் போக வழியில்லை. ஹம்மை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் யோசனையைக் கேட்கவே கேட்காதீர்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது. எர்த் சரியில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், சைன் வேவ் மாற்றினால் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், கேபிள் ஒயரையும் சேர்த்து. ஆம்பின் மேல் துணி விரித்துப் பொம்மை வைக்காதீர்கள், சூடு போக வழி வேண்டும். அதே காற்றுத் துளை வழியாகப் பல்லி உள்ளே போய்ச் செத்து போர்டை ஷார்ட் செய்வதும் நடக்கும். பின்பக்கத் துளைகளில் மெல்லிய கொசுவலைத் துண்டு ஒட்டுவது உதவும், தூசி படிந்தால் அதைத் துடைத்துவிட வேண்டும்.

சப்வூஃபர்

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, "குரல் அருமை, ஆனால் கீழே ஆழம் இல்லை" என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் சப்வூஃபர். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸோடு இறங்கிவிடும். ஆனால் அந்த இடத்தில்தான் அறையும் தன் வேலையைக் காட்டும். 12 அடி நீளம் 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸிலும் எதிரொலித்துப் பெருக்கும். அந்த ஒரு நோட்டு மட்டும் இடிப்பதற்கு இதுவே காரணம், ஸ்பீக்கர் அல்ல. உட்காரும் இடம் பின்சுவரோடு ஒட்டியிருந்தால் இரண்டடி முன்னால் வந்து பாருங்கள், பாதி இடி குறைந்துவிடும்.

சப்பை எங்கே வைப்பது என்பதற்குப் பழைய, நம்பகமான வழி: நீங்கள் உட்காரும் இடத்தில் சப்பைத் தூக்கி வையுங்கள், பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். காதைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லா நோட்டும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் தொடங்கி, வால்யூமை "சப் ஓடுகிறதா?" என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குறையுங்கள், அணைத்தால் மட்டுமே அதன் அருமை தெரிய வேண்டும். ஃபேஸ் ஸ்விட்சை இரண்டு பக்கமும் போட்டு, எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள். அளந்து பார்க்க ஆசை இருந்தால் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம், ஒரு அளவீட்டு மைக் மட்டும் வாங்க வேண்டும். ஃபோன் மைக்கை பேஸுக்கு நம்பாதீர்கள். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது, நம் ஹாலில் மிதமாகக் கேட்கும் பேஸ் அவர்கள் படுக்கையறைக் கூரையில் இடிக்கும்.

ரெக்கார்டு பிளேயர் வேண்டும் என்றால்

இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதில் ஒருமுறை செலவோடு நிற்காது. சூட்கேஸ் மாதிரி மூடியோடும் உள்ளேயே ஸ்பீக்கரோடும் வரும் மலிவு பிளேயர் வேண்டாம். அவற்றில் வரும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) ரெக்கார்டுத் தட்டின் மேல் கனமாக அழுத்தும், ஸ்பீக்கரின் அதிர்வும் ஊசிக்கே திரும்பி வரும். மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ், கார்ட்ரிட்ஜைத் தாங்கும், பின்பக்கம் எடை வைத்துச் சரிசெய்யும் கை, பெல்ட் டிரைவ் இருந்தால் தொடங்கலாம். ஊசி எத்தனை கிராம் அழுத்த வேண்டும் என்று கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொல்லியிருக்கிறதோ, பெரும்பாலும் 2 கிராம் பக்கம், அது வருகிறதா என்று ஊசியைச் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான், ஆம்பில் ஃபோனோ இன்புட் இல்லை என்றால் தனியாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். ஹம் வந்தால் பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்பின் திருகில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பிளேயரை ஸ்பீக்கர் இருக்கும் அதே மேசையில் வைக்காமல், சுவரில் அடித்த தனிப் பலகையில் ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமமாக வையுங்கள். நடந்தால் ஊசி துள்ளாது. பழைய தட்டுகள் வாங்கினால் ஓட்டுவதற்கு முன் கழுவுங்கள்: காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம், மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நடுவில் உள்ள லேபிள் நனையாமல், நிழலில் காயவைக்க வேண்டும். அப்புறம் பழைய பூஞ்சை பிடித்த உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது உறையில் போட்டு நெட்டுக்குத்தாக அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் நம் கோடையில் வளைந்துவிடும்.